பிசிறு விடாத துடைப்புத் துணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூற்பாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பதால், துணி பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் உறவிலும் தெருவிலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். பட்டுத் துணியைப் பற்றிக் கேட்பவர்களைவிட, "கண்ணாடியைத் துடைச்சா பஞ்சு ஒட்டுதே, எந்தத் துணி வாங்கறது?" என்று கேட்பவர்கள் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

துணியில இருந்து பஞ்சு ஏன் உதிருது?

பருத்தி நூல் என்பது முழு நீளத்துக்கும் ஓடும் ஒரே இழை அல்ல. நம் ஆலைகளில் நூற்கும் பருத்தியின் இழை பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அப்படிப்பட்ட குட்டி இழைகளை நீட்டி அடுக்கி முறுக்கினால்தான் நூல் கிடைக்கும். 40-ஆம் நம்பர் நூலை (நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு) எந்த இடத்தில் வெட்டினாலும் குறுக்கே ஏறத்தாழ நூறு இழைகள் இருக்கும். முறுக்குக்குள் அடங்காத இழை முனைகள் நூலின் மேல் ரோமம் ரோமமாக நீட்டிக்கொண்டிருக்கும். துடைக்கும்போது அவை உரசி, உடைந்து, உருவிக்கொண்டு வந்து கண்ணாடியில் ஒட்டுகின்றன.

இழை நீளமாகவும் முறுக்கு இறுக்கமாகவும் இருந்தால் பிசிறு குறையும். நூற்பதற்கு முன் சீவிக் குட்டை இழைகளை நீக்கிய நூலைக் கோம்டு நூல் என்பார்கள். சீவாதது கார்டடு நூல். கோம்டு நூலில் நெய்த துணி பிசிறு குறைவாக விடும். ஆனால் துடைக்கிற துணியைக் கோம்டு நூலில் நெய்து விற்பது அபூர்வம். அது வேட்டியாகவோ சட்டையாகவோ வந்து, நாள்பட்ட பிறகு நம் கைக்குத் துடைப்புத் துணியாகக் கிடைக்கிறது. பழைய வேட்டிக்கு இருக்கும் நல்ல பெயருக்கு இதுவும் ஒரு காரணம்.

புதுசா வாங்கின டர்க்கி டவல்தான் ரொம்ப மோசமா பஞ்சு விடுது. விலை கொடுத்து வாங்கியும் இப்படியா?

டவல் மட்டமானதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அதன் அமைப்பே அப்படி. டர்க்கி டவலில் நூல் வளையம் வளையமாக வெளியே நிற்கிறது. தண்ணீரை நன்றாகக் குடிக்க வேண்டும் என்பதற்காக அந்த வளையங்களுக்கு முறுக்குக் குறைவான நூலைப் போடுகிறார்கள். முறுக்குக் குறைந்தால் இழை தளரும். உடம்பு துடைக்க அது அருமையான துணி. கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் அது வேண்டாம்.

நாலைந்து முறை துவைத்த பிறகு உதிர்வது வெகுவாகக் குறையும். அப்போதும் அதைச் சிந்தின தண்ணீரை ஒற்றி எடுக்கவும், மேடை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அப்போ எங்க அம்மா சொல்ற மாதிரி பழைய வேட்டிதான் நல்லதா?

ஆமாம், ஒரு கட்டம் வரைக்கும். பருத்தித் துணிக்கு மூன்று பருவம் உண்டு. புதிதாக இருக்கும்போது தளர்ந்த இழைகள் துணியில் நிறைய இருக்கும். போதாததற்குப் பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டுத்தான் நெய்திருப்பார்கள். அந்தக் கஞ்சி போகும்வரை தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது. பலமுறை துவைத்துக் கட்டிய வேட்டியில் உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்திருக்கும், கஞ்சியும் போயிருக்கும், நெசவு மட்டும் கெட்டியாக இருக்கும். துடைப்பதற்குப் பொன்னான பருவம் இதுதான்.

அதையும் தாண்டிப் போனால் இழைகளே நைந்து உடைய ஆரம்பிக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வலை மாதிரி தெரிகிறது, விரலால் லேசாக இழுத்தால் கிழிகிறது என்றால் அந்தத் துணி மறுபடியும் பிசிறு விடும், புதிய துணியைவிட மோசமாகவே விடும். "எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது" என்று நினைத்துக் கந்தலை எடுத்துக் கண்ணாடி துடைப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் குறைபட்டுக்கொள்கிறார்கள். இடுப்பில் கட்ட இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்கிற நிலையிலேயே வேட்டியை எடுத்துவிடுங்கள். ஜரிகைக் கரை இருந்தால் அதை முதலில் வெட்டி எறியுங்கள், ஜரிகை கீறும்.

வீட்ல யாரும் வேட்டி கட்றதில்ல. கடையில என்ன கேட்டு வாங்கறது?

மல் துணி கேளுங்கள். மெல்லியது, சீக்கிரம் காயும். கண்ணாடி, எவர்சில்வர், பூஜைச் சாமான் மூன்றுக்கும் ஒத்துவரும். ஈரோட்டுப் பக்கத்து ஈரிழைத் துண்டும் நல்ல தேர்வுதான். வளையம் இல்லாத தட்டை நெசவு, டர்க்கி டவலைவிடப் பிசிறு குறைவு, தண்ணீரும் குடிக்கும். சமையலறைக்கு நான் சொல்வது இதைத்தான்.

காடா துணி மலிவு. ஆனால் வெளுக்காத துணி என்பதால் பருத்திக்கொட்டைத் தோலின் துணுக்குகளும் பருத்தியின் இயற்கை மெழுகும் அதில் அப்படியே இருக்கும். தண்ணீர் மேலேயே உருண்டு ஓடும். சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து, இப்படியே இரண்டு மூன்று முறை செய்தால்தான் பயன்படும். அந்தப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். லினன் துணி கிடைத்தால் இவை எல்லாவற்றையும்விட மேல். அது ஆளிச் செடியின் தண்டு நார். பருத்தி இழையைவிடப் பலமடங்கு நீளம், அதனால் முனைகள் குறைவு. கண்ணாடி டம்ளர் துடைக்க ஐரோப்பாவில் காலங்காலமாக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் விலைதான் இடிக்கும். பழைய லினன் சட்டை இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்குல சல்லிசா கிடைக்குது. அது போதாதா?

வண்டி, சைக்கிள், ஃபேன் றெக்கை, எண்ணெய்ப் பிசுக்கு இவற்றுக்குத் தாராளமாகப் போதும். பனியன் துணி பின்னல் துணி என்பதால் மென்மையாக இருக்கும், உறிஞ்சும். ஆனால் கிலோ கணக்கில் வருவது கட்டிங் துண்டு. நாலு பக்கமும் வெட்டின ஓரம். அங்கிருந்து பொடிப்பொடியாக நூல் விழும். துவைக்காமல் எடுத்தால் வெட்டும்போது ஒட்டிய தூசியும் சேர்ந்து வரும்.

உங்கள் வீட்டுப் பழைய பனியனோ டீ ஷர்ட்டோ வேறு கதை. பலமுறை துவைத்தது, பெரிய துண்டாக வெட்டலாம், வெட்டிய ஓரத்தை உள்பக்கம் மடித்துப் பிடித்துக்கொண்டு துடைக்கலாம். மார்பில் ரப்பர் மாதிரி அச்சடித்த படம் இருந்தால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓரம் தைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. துடைக்கிற துணிக்குப் போய் தையலா?

தையல் அவசியம். பிசிறில் பாதி வெட்டின ஓரத்திலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. துணியை இரண்டு மடிப்பு மடித்து ஒரு தையல் போட்டால் போதும், ஓவர்லாக் அடித்தாலும் சரி. வேட்டியை வெட்டும்போது நெய்த கரை ஒரு பக்கமாவது வருகிற மாதிரி வெட்டினால் அந்தப் பக்கத்துக்குத் தையல் வேலை மிச்சம், ஏனென்றால் கரையில் நூல் திரும்பிப் போகிறதே தவிர முடிவதில்லை. தைக்க வழி இல்லாவிட்டால், துணியை எட்டாக மடித்து ஓரங்களை உள்ளங்கைப் பக்கம் வைத்துப் பிடியுங்கள்.

மின்னணுக் கருவிகள் செய்யும் தூசில்லா அறைகளில் பயன்படும் துணிகளின் ஓரத்தைச் சூட்டாலோ லேசராலோ உருக்கி மூடிவிடுவார்கள். ஓரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மைக்ரோஃபைபர்னு சொல்றாங்களே, அது பருத்தியா பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக்தான். பெரும்பாலும் 80 பங்கு பாலியஸ்டர், 20 பங்கு நைலான். அட்டையில் பாலிஅமைடு என்று போட்டிருந்தால் அது நைலான்தான். 9,000 மீட்டர் நீள இழையின் எடை 1 கிராம் என்றால் அது 1 டெனியர். அதைவிட மெல்லிய இழையைத்தான் மைக்ரோஃபைபர் என்கிறார்கள். சாதாரணப் பருத்தி இழை இதைவிடத் தடிமனானது.

நல்ல மைக்ரோஃபைபரில் ஒவ்வொரு இழையும் ஆரஞ்சுச் சுளை மாதிரி பல கூறுகளாகப் பிளக்கப்பட்டிருக்கும். அந்தக் கூர்மையான விளிம்புகள்தான் அழுக்கையும் எண்ணெயையும் வாரிக்கொள்கின்றன; இடைவெளிகளில் தண்ணீர் ஏறும். இழை முடிவில்லாமல் நீளமாக ஓடுவதால், முதல் பதிலில் சொன்ன முனைத் தொல்லை அதில் மிகக் குறைவு. கண்ணாடிக்கும் திரைக்கும் அது பருத்தியை வெல்வது இதனால்தான்.

கடையில எல்லாமே மைக்ரோஃபைபர்னுதான் போட்டிருக்கு. எது நிஜம்னு எப்படிப் பாக்கறது?

உலர்ந்த உள்ளங்கையால் துணியைத் தடவுங்கள். பிளந்த இழை என்றால் தோலின் சொரசொரப்பில் மெல்லக் கொக்கி போட்டு இழுக்கும். சிலருக்கு அது கூசும். வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் பாலியஸ்டர் துணியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வந்ததும் மேடையில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றித் துடைத்துப் பாருங்கள். நல்லது உறிஞ்சும், போலி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்.

பிசிறுக்கு வேறு ஒரு சோதனை. எந்தத் துணிக்கும் பொருந்தும். அணைத்த கைபேசியின் கறுப்புத் திரையையோ கறுப்பு கிரானைட்டையோ துணியால் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத பிசிறெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். கடையிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஒரு துண்டு செல்லோடேப்பைத் துணியில் ஒட்டி உரித்துப் பாருங்கள்.

ஜிஎஸ்எம் 200, 300, 400னு போட்டிருக்கு. அதிகமா இருந்தா நல்லதா?

அது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். தரத்தைச் சொல்லாது, தடிமனைத்தான் சொல்லும். கண்ணாடிக்கு 200 முதல் 250 வரை உள்ள தட்டையான துணி நல்லது; கார் கழுவித் தண்ணீர் ஒற்ற 350-க்கு மேல் எடுக்கலாம். கண்ணாடிக்குத் தடித்த, முடிமுடியான துணியை எடுத்தால் ஈரத்தைப் பூசிக்கொண்டே இருப்பீர்கள்.

மைக்ரோஃபைபர் வாங்கினப்ப பிரமாதமா இருந்துச்சு. ரெண்டு மாசத்துல அதுவே பஞ்சை ஒட்ட வைக்குது. ஏமாத்திட்டாங்களா?

துணியில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. துவைத்த விதத்தைப் பாருங்கள். டர்க்கி டவலோடும் உள்ளாடையோடும் சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டிருப்பீர்கள். அழுக்கை வாரிக்கொள்கிற அதே விளிம்புகள் டவலில் உதிரும் பருத்திப் பஞ்சையும் வாரிக்கொள்ளும், பிறகு விடாது. அதைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் தேய்த்தால் அங்கே ஒட்டுகிறது. பையில் மறந்துவிட்ட டிஷ்யூ காகிதமும் இதையே செய்யும்.

தனி வாளியில், திரவ சோப்பு கொஞ்சமாக விட்டு, சாதாரணத் தண்ணீரிலோ கை பொறுக்கும் வெந்நீரிலோ அலசுங்கள். கொதிநீர் வேண்டாம், இஸ்திரி அறவே வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் இழை சூட்டில் சுருண்டு கெட்டியாகிவிடும். பிளீச்சிங்கும் கூடாது. வாஷிங் மெஷினில்தான் போடுவேன் என்றால் இவற்றை மட்டும் தனியாகப் போடுங்கள், போடுவதற்கு முன் மெஷினின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள்.

வாசனைக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் போடலாமா?

எந்தத் துடைப்புத் துணிக்கும் வேண்டாம். அது இழையின் மேல் கொழுப்புத்தன்மையான ஒரு மெல்லிய பூச்சு பூசித்தான் துணியை மென்மையாக்குகிறது. பூச்சு ஏறினால் துணி தண்ணீர் குடிப்பது குறையும், கண்ணாடியில் மங்கலான கோடு விழும். ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் கண்டிஷனர் இல்லாமல் சில முறை நன்றாக அலசினால் பெரும்பாலும் சரியாகும்.

பழைய பட்டுப்புடவை, பழைய சிந்தெடிக் புடவை ரெண்டும் சும்மா கிடக்கு. துடைக்க ஆகுமா?

பட்டு ஆகும், உலர்ந்த வேலைக்கு. ஒரு பட்டுக்கூட்டில் இழை அறுபடாமல் பல நூறு மீட்டர் ஓடுகிறது. பிசிறு விட அங்கே முனையே இல்லை. வெள்ளிச் சாமானை மெருகேற்ற, படக் கண்ணாடியைக் கடைசியாக ஒரு தடவு தடவ அது அருமை. ஜரிகையை நீக்கிவிட்டு உடல் பகுதியை மட்டும் எடுங்கள்.

சிந்தெடிக் புடவை பிசிறும் விடாது, தண்ணீரும் குடிக்காது. தண்ணீரைப் பரப்பும், அவ்வளவுதான். உலர்ந்த நிலையில் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி, துடைத்த இடத்திலேயே தூசியை இழுத்து வைக்கும். தூசி தட்டும் வேலைக்கு லேசாக ஈரப்படுத்திப் பயன்படுத்தலாம்.

கண்ணாடிக்கு நியூஸ்பேப்பர்தான் நல்லதுன்னு சொல்றாங்க. உண்மையா?

வேலை செய்யும். அதில் நூலே இல்லை. மர நார் அழுந்திப் படிந்திருப்பதால் லேசான ஈரத்தில் உதிராது. ஆனால் நிறைய ஈரம் பட்டால் கூழாகிவிடும், கையிலும் வெள்ளைச் சட்டத்திலும் மை பிடிக்கும். சன்னல் கண்ணாடிக்குச் சரி. மூக்குக்கண்ணாடிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒருபோதும் வேண்டாம், காகிதம் கீறும்.

எந்தத் துணில துடைச்சாலும் கண்ணாடி வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கு. துணிய மாத்தி மாத்தி அலுத்துட்டேன்.

அப்படியானால் அது பிசிறே இல்லை. விரலால் தொட்டுப் பாருங்கள். பிசிறு என்றால் ஊதினாலே நகரும். நகராமல் புள்ளி புள்ளியாகவோ படலமாகவோ இருந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. தண்ணீர் காய்ந்ததும் அதிலிருந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கண்ணாடியில் தங்கிவிடுகின்றன. எண்ணெய் தடவியது போலக் கோடு கோடாக இருந்தால் சோப்பு அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்.

உப்புக் கறைக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தண்ணீரில் கலந்து தடவி, சற்று விட்டுத் துடையுங்கள். பளிங்குக் கல் பக்கம் அது போகவே கூடாது, புளிப்பு பளிங்கை அரிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்திலும் ஊற விடாதீர்கள், பின்பூச்சு கெடும். அதன் பிறகு கடைசித் துடைப்புக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். ஒரு துணி ஈரத்துக்கு, இன்னொன்று உலர்த்த. அந்த உலர்த்துகிற துணிதான் பிசிறு விடாததாக இருக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடியை சட்டை நுனியில துடைக்கிறேன். டிவிக்கும் அதே துணி போதுமா?

சட்டை நுனியை விட்டுவிடுங்கள். இப்போதைய லென்ஸ்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். மேலே பூச்சும் இருக்கும். துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் லென்ஸின் மேல் இருக்கிற மண்துகளைச் சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும். முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் தடவி அலசி, பிறகு சுத்தமான மைக்ரோஃபைபரால் ஒற்றுங்கள்.

தொலைக்காட்சியை அணைத்துச் சூடு ஆறியதும் உலர்ந்த, தட்டையான மைக்ரோஃபைபரால் அழுத்தாமல் துடையுங்கள். கறை போகாவிட்டால் துணியை மட்டும் லேசாக நனையுங்கள், திரையில் நேராகத் தெளிக்காதீர்கள். கண்ணாடிக்கான நீல நிறத் திரவம் சில திரைகளின் பூச்சைக் கெடுக்கும். இந்தத் துணி சமையலறைக்குப் போகக் கூடாது. ஒருமுறை எண்ணெய் பட்டால் அடுத்தமுறை அது திரையில் இருக்கும்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சு கழுவினதும் எதுல துடைக்கலாம்? வேலைப்பாட்டுல எல்லாம் பஞ்சு மாட்டுது.

மல் துணி. விளக்கின் கூரான விளிம்புகளில் மைக்ரோஃபைபரும் டர்க்கி டவலும் மாட்டி இழுபடும், நூல் அறுந்து அங்கேயே நிற்கும். கழுவின உடனேயே துடைத்துவிடுங்கள். ஈரம் தானாகக் காய்ந்தால் முன்பு சொன்ன உப்புப் புள்ளி பித்தளையில் இன்னும் அசிங்கமாகத் தெரியும். இடுக்குகளுக்குத் துணியைத் திரித்துக் கூம்பாக்கி நுழைக்கலாம்.

மர அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ச்சேன். அந்தத் துணிய மடிச்சு வெச்சுக்கலாமா?

வைக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய பதில் இது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். மடித்தோ சுருட்டியோ குப்பைக்கூடையில் திணித்தோ வைத்தால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும்.

வெளியே, வெயில் படாத இடத்தில், ஒற்றைத் துணியாக விரித்து முழுவதும் விறைக்கும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் மூழ்கவைத்து மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள். மர பாலிஷ் வாங்கும்போது டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மைக்ரோஃபைபர் பிளாஸ்டிக்னு நீங்களே சொல்றீங்க. அதைத் துவைக்கிற தண்ணி எங்க போகும்?

சாக்கடைக்கு, பிறகு ஆற்றுக்கு. பாலியஸ்டர், நைலான் துணிகள் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகளை விடத்தான் செய்கின்றன. அதனால்தான் வீடு முழுக்க மைக்ரோஃபைபருக்கு மாறச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. மூக்குக்கண்ணாடி, திரை, பெரிய கண்ணாடி, இவற்றுக்கு மட்டும் இரண்டு மூன்று துணி போதும். அவற்றுக்கு அடிக்கடி துவைப்பும் தேவைப்படாது. மற்ற எல்லா இடத்துக்கும் பருத்தி. பருத்தியைக் கொதிக்கவைக்கலாம், வெயிலில் காயப்போடலாம், கடைசியில் மண்ணிலேயே மக்கிவிடும்.

அட்டையில 'லிண்ட் ஃப்ரீ'ன்னு போட்டிருந்தா நூறு சதவீதம் பிசிறு வராதா?

அப்படி ஒரு துணி கிடையாது. தூசில்லா அறைக்கு விற்கும் துணிகளையே, பொறுப்பாக எழுதுகிறவர்கள் 'பிசிறு குறைவானது' என்றுதான் எழுதுகிறார்கள். அட்டையில் இருக்கும் அந்த வார்த்தையைவிட, இழை எது, ஓரம் எப்படி மூடியிருக்கிறது, துவைக்க என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் படியுங்கள். எந்தத் துணியானாலும் முதல் உபயோகத்துக்கு முன் ஒருமுறை தனியாக அலசுங்கள்.

எப்போ தூக்கிப் போடணும்?

பருத்தி என்றால், வேட்டி பற்றிய பதிலில் சொன்ன வலைச் சோதனைதான். மைக்ரோஃபைபர் என்றால் உள்ளங்கையில் கொக்கி போடுவது நின்று, தொடும்போது மொடமொடவென்று இருந்தால் கண்ணாடி வேலைக்கு அதன் ஆயுள் முடிந்தது. உடனே எறிய வேண்டாம். கண்ணாடித் துணியை மேடைக்கும், மேடைத் துணியைத் தரைக்கும், தரைத் துணியைச் சைக்கிள் செயினுக்கும் இறக்குங்கள். கீழே இறங்கின துணி மேலே ஏறக் கூடாது. அதற்காகவே ஒரு மூலையில் நிற நூலால் ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.